இல்லாத கால் ஏன் நோகிறது, கஞ்சா அங்கே என்ன செய்கிறது

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டு எழுதியிருந்தார். அவருடைய அண்ணனுக்கு 2009இல் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆனால் இரவானால் அந்த இல்லாத காலின் பெருவிரல்தான் எரிகிறதாம், ஆளை நித்திரை கொள்ளவே விடாதாம். கனடாவில் இருக்கும் மச்சான் வட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருக்கிறார்: கஞ்சா எண்ணெய், நாக்குக்குக் கீழே இரண்டு துளி, பத்து நிமிடத்தில் வலி போய்விட்டது. "சேர், இது உண்மையோ? இது மருந்தோ, போதையோ?"

எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் கஞ்சா என்ற சொல் "கேரள கஞ்சாவுடன் இருவர் கைது" என்ற தலைப்பில்தான் வரும். பரியாரிமாருக்கு அதே செடி சிவமூலி. ஒரு பக்கம் நஞ்சு, மறுபக்கம் சர்வரோக நிவாரணி, நடுவிலே நோயாளி. அதனால்தான் நானும், மருந்தகத்தில் வேலை செய்யும் ஒரு நண்பரும், தாதியாக இருக்கும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு கோவை வைத்திருக்கிறோம். ஒரு ஆய்வுக்கு ஒரு பக்கம், எல்லாம் தமிழில். எத்தனை பேரில் செய்தது, எதோடு ஒப்பிட்டது, எத்தனை கிழமை, காசு கொடுத்தது யார். இந்த நாலு கேள்விக்கும் பதில் இல்லாத ஆய்வு கோவைக்குள் போகாது. மச்சானின் காணொளியும் போகாது.

முதலில் இல்லாத கால். நரம்பை வெட்டினால் அது சாவதில்லை. வெட்டுப்பட்ட நுனி முளைவிட்டு, முடிச்சுப் போட்டுக்கொண்டு, யாரும் தொடாமலே சமிக்ஞை அனுப்புகிறது. முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணும் மூளையும் அதைப் பழைய விலாசத்துக்கே, அதாவது பெருவிரலுக்கே எழுதிக்கொள்கின்றன. மூளைக்குள் இருக்கும் உடம்பின் வரைபடத்தை எந்தச் செல்லடியும் கிழிக்கவில்லையே. வெட்டிய காலை ஒழுங்காகப் புதைக்கவில்லை, அதைப் புற்றெறும்பு தின்கிறது, அதுதான் எரிவு என்று ஒரு ஆச்சி எனக்குச் சொன்னார். அவரில் எனக்குக் கோபமில்லை, வேறு விளக்கம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதை நம்பவைத்துப் பரிகாரத்துக்கு இருபதாயிரம் வாங்குகிறவர்களில்தான் கோபம்.

சரி, கஞ்சா. 1839இல் கல்கத்தாவில் ஓஷோனசி என்ற வைத்தியர் இதை விலங்குகளிலும் பிறகு நோயாளிகளிலும் சோதித்து எழுதினார். ஏர்ப்புவலிக்கும் குழந்தை வலிப்புக்கும் கொடுத்துப் பார்த்தார். அதன்பின் நூறு வருடத்துக்கு மேல், உள்ளே இருந்து போதை தரும் முக்கியமான பொருள் எது என்றே தெளிவில்லை. 1964இல் இஸ்ரேலில் ரபாயல் மெஷூலமும் யெஹியேல் கவோனியும் டெட்ராஹைட்ரோகனபினோலைப் பிரித்து அதன் கட்டமைப்பைச் சொன்னார்கள். சுருக்கமாக ரி.எச்.சி. ஆராய்ச்சிக்கான சரக்கு பொலிசார் பிடித்த ஐந்து கிலோ. அதைப் பையில் வைத்துக்கொண்டு மெஷூலம் பஸ்ஸில் ஏறினாராம், பஸ் முழுக்க வாசம். ஏ9 வீதியில் அப்படி ஒருவர் வந்தால் பொலிசிடம் பிடிபடாமல் ஓமந்தை தாண்டமாட்டார்.

1988இல் எலி மூளையில் இந்தப் பொருள் ஒட்டும் வாங்கி கண்டுபிடிக்கப்பட்டது. இன்றைய பெயர் சி.பி.1. பூட்டு அகப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு செடிக்காக மூளை பூட்டுச் செய்து வைத்திருக்குமா? சொந்தச் சாவி ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று தேடி, 1992இல் பன்றி மூளையிலிருந்து அதை எடுத்தார்கள். பெயர் அனந்தமைட். 'ஆனந்தம்'தான், சமஸ்கிருதத்திலிருந்து தெரிந்தே எடுத்த பெயர். மூன்று வருடம் கழித்து இன்னொன்று, 2-ஏ.ஜி.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு அவசரமாக ஓடி வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கும்: ஒரு நரம்புக்கலம் இரசாயனத்தைக் கக்குகிறது, அது இருபது நனோமீற்றர் இடைவெளியைக் கடந்து அடுத்த கலத்தில் ஒட்டுகிறது, சேதி போய்ச் சேர்கிறது. எப்போதும் ஒரே திசை, மேலிருந்து கீழே, இரணைமடுக் குளத்திலிருந்து வாய்க்கால் வழியாக வயலுக்குத் தண்ணீர் போவது போல. 1991, 92இல் இரண்டு ஆய்வுகூடங்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்தன. கீழே இருக்கும் கலத்தை ஊசியால் கொஞ்சம் தூண்டினால், மேலே இருக்கும் கலம் கக்குவதைக் குறைத்துவிடுகிறது. கொஞ்ச விநாடிக்குத்தான், பிறகு வழமை போல. தண்ணீர் வாங்குகிற வயல், குளத்தைத் திறந்து மூடும் துருசடியில் நிற்கிறவருக்கு எப்படிச் சொன்னது? சேதி கொண்டு போனது யார்? பத்து வருடம் யாருக்கும் விடை கிடைக்கவில்லை. 2001இல் மூன்று குழுக்கள் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தன: கஞ்சாவின் அதே பூட்டு, உடம்பின் அதே சாவி.

நடப்பது இதுதான். வயலுக்குத் தண்ணீர் அளவுக்கு மிஞ்சுகிறது, அதாவது கீழ்க்கலத்துக்குள் கல்சியம் ஏறுகிறது. உடனே ஒரு நொதியம் கலத்தின் மென்சவ்வுக் கொழுப்பையே வெட்டி 2-ஏ.ஜி.யைச் செய்கிறது. மற்றச் சேதிப்பொருட்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே செய்து சின்னப் பைகளில் கட்டி வைத்திருப்பவை. இது அப்படியில்லை, தேவைப்படும் அந்த நேரத்தில், நிற்கும் சுவரிலிருந்தே உரித்துச் செய்வது. செய்ததும் அது எதிர்த்திசையில், ஓட்டத்துக்கு எதிராக மேலே போகிறது. மேல்க்கலத்தில் காத்திருக்கும் சி.பி.1இல் ஒட்டுகிறது. ஒட்டினால் அங்கே கல்சியம் நுழையும் வாசல் இறுகுகிறது, கல்சியம் இல்லாமல் கக்க முடியாது, துருசு இறங்கிவிடுகிறது. பிறகு இன்னொரு நொதியம் அந்த 2-ஏ.ஜி.யை வெட்டிப் போட்டுவிடும், துருசு மறுபடி ஏறும். "போதும், நிப்பாட்டு" என்று வயலே ஆள் அனுப்பி, ஆளும் வேலை முடிந்ததும் காணாமல் போய்விடுகிற ஒரு நீர்ப்பாசனம். சிறுபோகத் தண்ணீருக்கு எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் நடக்கும் சண்டையை ஒருமுறை பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை விளங்கும்.

இப்போது செடியின் சாவியைப் போடுங்கள். ரி.எச்.சி. எந்த வயலும் கேட்டு வருவதில்லை. இரத்தத்தோடு வந்து, சி.பி.1 இருக்கிற துருசுகளில் எல்லாம் ஒரே நேரத்தில் கை வைக்கிறது, விநாடிகளில் போகாமல் மணிக்கணக்கில் நிற்கிறது. வலியைக் கொண்டுவரும் வாய்க்காலில் துருசு இறங்கினால் நல்லது. ஞாபகத்துக்குப் போகும் வாய்க்காலிலும் இறங்குவதால்தான் ஆரம்பித்த கதை பாதியில் மறந்து போகிறது. சில துருசுகள் அமைதிப்படுத்தும் கலங்களுடையவை. அவற்றை மூடினால் அடுத்த கலம் அடங்குவதற்குப் பதிலாகத் துள்ளும். ஒருவருக்கு நிம்மதியாக இருப்பது இன்னொருவருக்குப் பயமும் படபடப்புமாக வருவதற்கு அது ஒரு காரணம். ஒரு நல்ல செய்தி, மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் சி.பி.1 மிகக் குறைவு. அதனால் மோர்பின் கூடினால் மூச்சு நிற்பது போல இதில் பொதுவாக நடப்பதில்லை. அதற்காக ஆபத்தில்லை என்று எடுக்கவேண்டாம். வளரும் வயதில் அடிக்கடி பாவித்தால் மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.

இயந்திரம் அழகாக இருந்தால் மருந்தும் வேலை செய்யும் என்று மயங்குவதுதான் என்னைப் போன்றவர்களின் வியாதி. கோவையைத் திறந்தால் மயக்கம் தெளியும். நரம்புவலிக்கு இதுவரை நடந்த நல்ல ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2018இல் தொகுத்தது. 16 ஆய்வு, 1750 பேர். வலி பாதியளவாவது குறைந்தவர்கள், கஞ்சா மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 21. மருந்தே கலக்காத போலி மருந்து எடுத்தவர்களில் 17. வித்தியாசம் நூறில் நாலு பேர். பக்கவிளைவு தாங்காமல் விட்டுப்போனவர்கள் 10, போலியில் 5. உலக வலி ஆய்வுச் சங்கம் 2021இல், வலிக்கு இதைப் பொதுவாகச் சிபாரிசு செய்யும் அளவுக்குச் சான்று போதாது என்றது. ஆனால் வேறு பக்கம் ஒன்றைப் புரட்டினால் கதை மாறும். டிரவே என்ற கொடிய குழந்தை வலிப்புக்கு, கஞ்சாவில் உள்ள, ஆனால் போதை தராத கனபிடயோலை 120 பேரில் சோதித்தார்கள். மாதத்துக்குப் பன்னிரண்டளவில் இருந்த வலிப்பு ஆறளவில் வந்தது, போலி மருந்தில் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. 2018இல் அமெரிக்கா அதை மருந்தாக ஏற்றது. ஓஷோனசி சும்மா சொல்லவில்லை. புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கும், தசை இறுக்கத்துக்கும் சான்று உண்டு. ஆகவே தங்கச்சியின் கேள்விக்கு 'மருந்தோ' என்று மட்டும் பதில் சொல்ல முடியாது, எந்த நோய்க்கு என்று கேட்கவேண்டும்.

நூறில் நாலு என்றால், மச்சானின் காணொளியில் வருகிறவர் பொய் சொல்கிறாரா? அவசியமில்லை. அந்த 17ஐ மறுபடி பாருங்கள், வெறும் போலி மருந்து எடுத்தே வலி பாதியானவர்கள். 2022இல் வந்த ஒரு தொகுப்பு, வலிக்கான 20 கஞ்சா ஆய்வுகளில் போலி மருந்தின் பலனை மட்டும் எடுத்துப் பார்த்தது. அது சின்னதில்லை. முடிவு எப்படி வந்தாலும் ஊடகங்கள் இவற்றைப் பெரும்பாலும் நல்ல செய்தியாகவே எழுதியிருந்தன. செய்தி நம்பிக்கையை வளர்க்கிறது, நம்பிக்கை வலியைக் குறைக்கிறது, குறைந்த வலி அடுத்த காணொளியாகிறது. நாங்கள் கோவை எழுதும்போதும் இந்தப் பயம் உண்டு, அதனால் பலன் தராத ஆய்வுகளுக்கும் அதே நீளத்தில் ஒரு பக்கம்.

எரிச்சல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரையைத் திறக்க முப்பது நாற்பது டொலர் கேட்கிறார்கள். பொதுப் பணத்தில் செய்த ஆய்வுக்கும் அதே விலை. சுருக்கத்தைப் படித்துவிட்டுக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அந்த 1750 பேரும் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்கள். மிதிவெடியிலும் செல்லடியிலும் கால் போனவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். நினைவுத்தூண் கட்டக் கிடைக்கும் காசில் ஒரு துண்டு கிடைத்தால், அவர்களின் வலியை ஒழுங்காக அளக்கலாம். இது என் சொந்தக் கருத்து, திட்டுகிறவர்கள் திட்டலாம்.

அந்த எண்ணெயைப் பற்றி: வேண்டாம். பதிவுள்ள சுதேச வைத்தியருக்குச் சட்டம் ஒரு சின்ன வாசல் வைத்திருக்கிறது, மற்றவர் கையில் இருந்தால் அது குற்றம், பார்சலில் வந்தாலும் குற்றம். இன்னொன்று, நாக்கின் கீழ் விட்டாலும் பெரும்பகுதி விழுங்கப்பட்டு ஈரல் வழியாகத்தான் போகும். ஏற ஒரு மணி, இரண்டு மணி நேரம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னும் இரண்டு துளி விடுகிறவர்தான் நடுராத்திரியில் பயந்து எழும்புவார்.

அண்ணனுக்கு ஒரு நிலைக்கண்ணாடி வாங்கலாம். இருக்கும் காலுக்கும் இல்லாத காலுக்கும் நடுவில் நிறுத்தி, நல்ல காலை மெதுவாக அசைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் பார்க்கவேண்டும். மூளை அங்கே இரண்டு காலைக் காணும். நம்ம ஊர்ப் பேரோடு இருக்கும் விஞ்ஞானி வி.எஸ். இராமச்சந்திரன் 90களில் கொண்டுவந்த யோசனை. 2007இல் கால் இழந்த 22 பேரில் செய்த ஆய்வில், முடிவுவரை கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது, கண்ணாடியை மூடி வைத்துப் பார்த்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான். மிகச் சின்ன ஆய்வு, கோவையில் அதையும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம். ஆனால் கண்ணாடிக்குப் பெரிய பக்கவிளைவு இல்லை, பொலிசும் பிடிக்காது. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், நாலு கிழமை.

தங்கச்சி, அண்ணை இப்போது என்ன குளிசை எடுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்து அனுப்புங்கள். வலிப்புக் குளிசையோ இரத்தம் உறையாமல் கொடுக்கும் குளிசையோ அதில் இருந்தால் கஞ்சா அதோடு மோதலாம். மச்சானின் எண்ணெய் ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருக்கிறது என்றால், அதை மறைக்காமல் அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் காட்டுங்கள்.