ஒரே ஒரு ஆள் பின்வாங்கினால்

"குடிநீர் கெட்டுப்போயிருப்பது தெரு முழுக்கத் தெரியும், ஆனாலும் யாரும் சேர்ந்து போய்க் கேட்பதில்லை. ஜனங்களுக்கு அக்கறையே இல்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அக்கறை இருக்கும், சிக்கல் வேறு இடத்தில்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978-ல் ஒரு எளிய கணக்குப் போட்டார். "இத்தனை பேர் கிளம்பினால் நானும் வருவேன்" என்று ஒவ்வொருவர் மனசிலும் ஒரு எண் உண்டு. 100 பேரில் ஒருவருக்கு அது 0, அடுத்தவருக்கு 1, அப்புறம் 2 என்று 99 வரை போகிறது என்று வையுங்கள். 0-காரர் தானாகவே கிளம்புவார், அவரைப் பார்த்து 1-காரர், இருவரையும் பார்த்து 2-காரர் என்று கடைசியில் 100 பேரும் வந்துவிடுவார்கள். சரி, இப்போது அந்த 1-காரரின் எண்ணை மட்டும் 2 ஆக்குங்கள். முதல் ஆள் கிளம்புகிறார், திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை, கதை அவ்வளவுதான்! சராசரி 49.5-லிருந்து 49.51 ஆனது, வந்தவர்களோ 100-லிருந்து 1. வெளியே இருந்து பார்ப்பவர் முதல் தெருவை வீரத் தெரு என்பார், இரண்டாவதைச் சோம்பேறித் தெரு என்பார். எனக்கு இந்தக் கணக்கு அலுக்கவே அலுக்காது.

நிஜத்தில் இன்னும் மோசம், அடுத்தவர் மனசில் என்ன எண் என்பதே நமக்குத் தெரியாது. நோட்டீஸ் ஒட்டினால் தகவல் போய்ச் சேரும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும் வருவாரா என்பது உட்கார்ந்து பேசினால்தான் தெரியும்.

நேபாளத்தின் மக்வான்பூரில் பெண்கள் மாதாமாதம் கூடி, பிரசவச் சிக்கல்களைப் பேசி, தீர்வுகளையும் தாங்களே முடிவு செய்தார்கள். நடத்தியது மருத்துவர் இல்லை, உள்ளூர்ப் பெண் ஒருவர். 2004-ல் வெளியான முடிவுப்படி, பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் மற்ற பகுதிகளைவிட அங்கே சுமார் 30 சதவீதம் குறைவு. ஜார்கண்ட், ஒடிசாவில் இதையே செய்தபோது, மிகவும் ஒதுக்கப்பட்ட குடும்பங்களுக்குத்தான் பலன் அதிகம் கிடைத்தது.

2013-ல் இதுபோன்ற 7 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளில் 30 சதவீதமாவது கூட்டத்துக்கு வந்த இடங்களில்தான் பலன் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் நிதி தருபவர்கள் பெரும்பாலும் ஊருக்கு ஒரு கூட்டம், ஒரு பேனர், ஒரு போட்டோ என்று முடித்துக்கொள்கிறார்கள். அந்தக் காசை நாலு ஊரிலாவது வருஷக்கணக்கில் தொடர்ந்து செலவழிக்கலாம் என்பது என் கட்சி.