ஒரு நடை மண்ணும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

செங்கல் சூளை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "லோடு என்பது தமிழா, இங்கிலீஷா?" லோடு ஏத்து, லோடு இறக்கு, லோடு வந்துருச்சா என்று காலையிலிருந்து இரவு வரை இதே பேச்சாம். இதற்கு வேறு ஒரு சொல் இருந்ததாகவே தனக்கு நினைவில்லை என்கிறார்.

இங்கிலீஷ்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதற்குச் சுமை என்ற பொருளே கிடையாது. வழி, பயணம் என்பதுதான் அதன் பொருள்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அது 'லாட்'. ஆ எப்படி ஓ ஆனது? 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கே இருந்த மக்களின் வாயில் நெடில் ஆகாரம் மொத்தமாக ஓகாரத்தின் பக்கம் நகர்ந்தது. கல்லைக் குறித்த ஸ்டான் ஸ்டோன் ஆனது. வீடு, ஹாம் என்பதிலிருந்து ஹோம் ஆனது. படகான பாட், போட் ஆனது. வடக்கே இந்த மாற்றம் நடக்கவில்லை. அதனால்தான் ஸ்காட்லாந்துப் பேச்சில் வீடு இன்றும் 'ஹேம்'. நமக்கு இது புதிதில்லை. நம் பால் கன்னடத்தில் ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு. ஒலி மாறினால் ஒரு சொல்லில் மட்டும் மாறாது, கும்பலாகத்தான் மாறும்.

சரி, ஒலி போகட்டும். வழி எப்படிச் சுமை ஆனது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு அடித்தளம் நிரப்ப மண் அடித்தார்கள். டிராக்டர் ஒவ்வொரு முறை கொட்டிவிட்டுப் போகும்போதும் மேஸ்திரி சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் பதினொன்று. "பன்னிரண்டு நடைக்குத்தானே பேசினோம், இன்னும் ஒரு நடை மண் வரணுமே" என்று வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

ஒரு நடை மண்! நடை என்றால் நடப்பது. அப்புறம் போய்வரும் ஒரு தடவை. கடைசியில், அந்த ஒரு தடவையில் வந்து சேரும் மண்ணின் அளவு. தெருவில் நின்ற யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. 'லாட்' போன பாதையும் அச்சு அசல் இதுவே: பயணம், பயணத்தில் கொண்டுபோவது, கொண்டுபோகும் பொருள். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் சுமை என்ற பொருள் நிலைபெற்றுவிட்டது.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. நம்மிடம் 'நட' என்ற வினை இருக்கிறது. அதிலிருந்து நடை என்ற பெயர் வருகிறது. நடக்கச் செய்வது நடத்து, வழிநடத்து. அங்கேயும் 'போ' என்று பொருள்படும் ஒரு பழைய ஜெர்மானிய வேர். பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் 'லீதன்'. அதிலிருந்து வந்த பெயர் லாட், அதாவது இன்றைய லோடு. போகச் செய்வது 'லீட்'. நடையும் நடத்துவதும் எப்படியோ, அப்படித்தான் லோடும் லீடும். சுமைக்கும் தலைவருக்கும் ஒரே வேர் என்பதைப் பார்த்துச் சிரிக்க விரும்புகிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

பொருள் மாற்றத்தை அவசரப்படுத்தியது இன்னொரு சொல். பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லடன்' என்று ஒரு வினை: ஏற்று, குவி, நீரை முகந்து எடு. குழம்பு ஊற்றும் 'லேடில்' கரண்டி இதன் பிள்ளை. கப்பல் சரக்குக்குத் தரும் ரசீதான 'பில் ஆஃப் லேடிங்' இன்னொரு பிள்ளை. லாடும் ஹ்லடனும் உறவில்லாத சொற்கள். ஆனால் ஒன்று போல ஒலித்ததால் மக்கள் காதில் கலந்துபோயின; ஏற்றுவதன் பொருள் பயணத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பழைய பொருள் அழிந்துவிட்டதா என்றால், இல்லை. load என்ற எழுத்துக்கூட்டலை lode என்று மாற்றிக்கொண்டு ஒளிந்திருக்கிறது. வழி காட்டும் நட்சத்திரம் லோட்ஸ்டார், அதாவது துருவ நட்சத்திரம். திசைகாட்டி ஊசிக்குக் காந்தமேற்றிய இயற்கைக் காந்தக் கல் லோட்ஸ்டோன், வழிக்கல். சுரங்கத்தில் பாறைக்குள் ஓடும் தாது நரம்பும் ஒரு லோடுதான். கேம்பிரிட்ஜ்ஷயரின் சதுப்புநிலத்தில் ரீச் லோடு, பர்வெல் லோடு என்று பழைய நீர்வழிகள் இருக்கின்றன. ஐஸ்லாந்தில் இதன் உடன்பிறப்பான 'லேய்த்' இன்னும் வழியாகவே வாழ்கிறது; ரெய்க்யாவிக் நகரில் பேருந்துத் தட எண்ணுக்கு முன்னால் அதைத்தான் போடுகிறார்கள்.

இங்கே ஒரு புலம்பல். காதுக்கு ஒன்று போலக் கேட்டால் போதும், எல்லா ஆங்கிலச் சொல்லும் தமிழிலிருந்து போனதே என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. ஜோசியத்துக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரிவதில்லை. கட்டுமரமும் சுருட்டும் உண்மையாகவே நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போயின. அவற்றுக்குச் சான்று இருக்கிறது. எந்த ஆண்டில், எந்த எழுத்தில், எந்தப் பொருளில் என்று தேடித் தேடிச் சேர்த்தால்தான் சான்று கிடைக்கும். அப்படிச் சேர்த்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பகுதி 1884-இல் வந்தது, முழுதும் முடிய 1928 ஆனது. சொல் ஆராய்ச்சிக்கு இவ்வளவு காலமும் காசும் எதற்கு என்று கேட்பவர்கள் பட்டியலைப் பகிர்வதையாவது நிறுத்தலாம்.

சூளைக்காரருக்கு இன்னொன்று. பழைய ஆங்கிலத்தில் 'லாட்மன்' என்று ஒரு சொல் உண்டு. வழிகாட்டி என்று பொருள். பிற்காலத்தில் கப்பலைத் துறைக்குள் கூட்டிவரும் மாலுமியை லோட்ஸ்மன் என்றார்கள். உங்கள் லாரியின் லோடுமேன் அதன் நேர் வாரிசு அல்ல. அவர் சுமையிலிருந்து பெயர் பெற்றவர். ஆனாலும் லாரி சூளைக்குள் ரிவர்ஸ் வரும்போது இறங்கிப் பின்னால் நின்று, "வா… வா… ஒடிச்சு வா… போதும்" என்று பலகையில் தட்டுபவர் அவர்தானே?