ஒயின் கோப்பையில் வழியும் தாரை எதைச் சொல்கிறது?

காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த, பெங்களூரில் வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "நந்தி மலைப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ருசி பார்க்கும் முன் ஒயினைச் சுழற்றிக் காட்டினார்கள். கோப்பையின் உள்பக்கம் தாரை தாரையாக வழிந்தால் சரக்கு உசத்தி என்றார்கள். உண்மையா, சார்?"

இல்லை. தாரைக்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை.

நிறம் ஓரளவு பேசும். சிவப்பு ஒயின் இளசாக இருக்கையில் ஊதா கலந்திருக்கும். வருடம் ஏற ஏறச் செங்கல் நிறத்துக்கு வரும். வெள்ளை ஒயின் வயதாக ஆக அடர்ந்து பொன்னிறமாகும். ஆனால் கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் போல நிறம் ஆளை ஏமாற்றவும் செய்யும். வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து, பிரான்சின் போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய மணங்களையே அவர்கள் எழுதினார்கள். 2001இல் வெளியான ஆய்வு இது.

தாரைக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம் இதுதான். திரவத்தின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசைதான் பரப்பு இழுவிசை. நீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன், ஒயினில் உள்ள ஆல்கஹாலான எத்தனாலுக்கு 22. கண்ணாடிச் சுவரில் ஒட்டிய ஒயின் படலம் மிக மெல்லியது. அதிலிருந்து எத்தனால் சட்டென்று ஆவியாகிவிடும்; மிஞ்சுவதில் நீரே அதிகம், இழுவிசையும் அதிகம். அது கீழே உள்ள ஒயினைத் தன் பக்கம் இழுக்கிறது. புவியீர்ப்பை மீறி ஒயின் சுவரேறுகிறது! மேலே விளிம்பு கட்டி, கனம் தாங்காமல் துளியாகி வழிகிறது. எத்தனால் கூடினால் தாரையும் கூடும், அவ்வளவுதான். கோப்பையைத் தட்டால் மூடிப் பாருங்கள்: ஆவியாதல் நிற்கும், தாரையும் நிற்கும்.

1855இல் இதை விளக்கியவர் இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன். பெயர் நிலைத்ததோ, 1865இல் இதை ஆராய்ந்த இத்தாலியர் மரங்கோனிக்கு. இன்று சிப் ஆலைகளில் கழுவிய சிலிக்கான் தகட்டை ஆல்கஹால் ஆவியால் கறையின்றி உலர்த்துவது இதே விளைவை வைத்துத்தான். அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது வீண் என்பவர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வேன்.

நம் மாவட்ட அரசுப் பள்ளிகளிலும் இதைக் காட்டலாம், ஒயினே வேண்டாம். வெள்ளைத் தட்டில் மை கலந்த நீரை மெல்லிசாகப் பரப்பி, நடுவில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். நீர் நாலாபக்கமும் விலகி ஓடி, தட்டு பளிச்சென்று தெரியும். பக்கத்தில் நெருப்பு மட்டும் கூடாது.