நாய் பிடிக்கிற வண்டி வந்தால் என்ன கேட்கலாம்?

தெருமுனையில் நாய் பிடிக்கிற வண்டி வந்து நின்றாலே, ‘கொண்டுபோய்க் கொன்றுவிடுவார்கள்’ என்று நம்மூரில் இன்னும் பலர் பதறுகிறார்கள். தெருவில் திரிகிறது என்பதற்காக ஒரு நாயைக் கொல்ல இன்றைய சட்டத்தில் இடமில்லை.

2023 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், நாகர்கோவில் மாநகராட்சி முதல் கடைக்கோடி ஊராட்சிவரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். பிடிக்கப்போவதை முன்கூட்டியே ஊருக்கு அறிவிக்க வேண்டும். கையாலோ வலையாலோ, வதைக்காமல் பிடிக்க வேண்டும். ஆறு மாதம் ஆகாத குட்டியைக் கருத்தடைக்குப் பிடிக்கக் கூடாது. குளச்சல் பக்கம் மீன் ஏலக் கூடத்தின் ஓரத்தில் மடி தொங்கப் படுத்துக் கிடக்குமே, அந்தத் தாய் நாயையும் குட்டிகள் பால் மறக்கும்வரை விட்டுவிட வேண்டும்.

கருத்தடை மையத்துக்குப் போனதும் நாயின் கழுத்தில் எண் போட்ட பட்டை கட்டுவார்கள். எந்த இடத்தில் பிடித்தது என்பது அந்த எண்ணோடு பதிவாகும். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, புண் ஆறியபின் அதே இடத்தில் விட வேண்டும். காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். உங்கள் தெரு நாய் திரும்பவில்லையா? பிடித்த இடத்தையும் தேதியையும் சொல்லி உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். ஆனால் வண்டியை மறிக்காதீர்கள், அது உங்கள் மேலேயே வழக்காகும்.

வெறிநோய் உள்ளவை, ஆட்களைத் தாக்குபவை ஆகியவற்றைத் திரும்ப விடக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடித்தவற்றைக் காப்பகத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி அந்த நீதிமன்றம் போட்ட உத்தரவு. அப்படியென்றால் நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் பிடித்த நாய்கள் இனி அங்கே திரும்ப வராது. காப்பகத்தில் தண்ணீரும் தீனியும் மருத்துவமும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பாரில்லாத காப்பகம் கொட்டடியாகிவிடும்.

வளர்த்த நாயைச் சாக்கில் கட்டிச் சந்தையோரம் விட்டுவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய்தான். இதைக் கூட்டியே ஆக வேண்டும். விஷம் வைத்தால் ஐந்து ஆண்டுவரை சிறை. தெரு நாயைத் தத்தெடுக்க விரும்பினால் உள்ளாட்சியில் விண்ணப்பிக்கலாம். எடுத்தபின் மறுபடி தெருவில் விடக் கூடாது.