காரீயக் குண்டு ஏன் சிறுக்கிறது, ஏன் கோணுகிறது?

1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் ஒரு கூட்டம் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்தது. சிலை காரீயத்தால் ஆனது. வெட்டிய துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டு ஊருக்கு வண்டியேறியது. அங்கே பெண்களும் பிள்ளைகளும் அதை உருக்கி வார்த்த குண்டுகளின் கணக்கு 42,088. அதற்குத் தேவைப்பட்டது அடுப்பு, கரண்டி, கைப்பிடி வைத்து இரண்டாய்த் திறக்கும் ஓர் அச்சு. அவ்வளவுதான்.

அதே முறை அமெரிக்காவில் இன்றும் உயிரோடிருக்கிறது. குழலின் வாய்வழியே வெடிமருந்தையும் குண்டையும் திணித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிகளைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் குண்டைத் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் அடிக்கடி எழும் புகார்: "குண்டு சின்னதாக வருகிறது, உருண்டையாகவும் இல்லை." ஒரே மூச்சில் சொன்னாலும் இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். காரணமும் வேறு, வைத்தியமும் வேறு.

முதலில் சிறுப்பது. 0.490 அங்குலக் குண்டை எடுத்துக்கொள்வோம். விட்டம் சுமார் 12.45 மில்லிமீட்டர். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உறைகிறது. அங்கிருந்து அறை வெப்பநிலைக்கு ஆறும்போது விட்டத்தில் ஏறக்குறைய 0.9 சதவீதம் குறையும், அதாவது பத்தில் ஒரு மில்லிமீட்டர். வார்க்கும்போது அச்சும் சூடாகி விரிந்திருப்பதால் அதில் கொஞ்சம் ஈடுகட்டப்படும். ஆனாலும் குழியின் அளவும் குண்டின் அளவும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. அதனால்தான் அச்சு செய்பவர்கள் குழியைச் சற்றுப் பெரிதாகவே குடைகிறார்கள். வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த உலோகம் இவ்வளவு சுருங்காது. அந்தக் கலவையை எண்ணிக் குடைந்த அச்சில் சுத்தக் காரீயத்தை ஊற்றினால் குண்டு சிறுக்கத்தான் செய்யும், அச்சின்மேல் குற்றமில்லை.

இதற்கும் முன்னால், உறைகிற அந்தக் கணத்திலேயே காரீயம் கன அளவில் சுமார் மூன்றரை சதவீதம் சுருங்குகிறது. குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்தால் நடுவில் குழி விழுமே, அதே சங்கதி. வெளித்தோல் முதலில் இறுகும், நடு கடைசியில் உறையும். மேலே ஊற்றுவாயில் ஒரு குட்டையளவு உலோகம் திரவமாக நின்றால் அது உள்ளே இறங்கி இடத்தை நிரப்பும். கரண்டியைச் சட்டென்று எடுத்துவிட்டாலோ, ஊற்றுவாய்த் தகடு குளிர்ந்திருந்தாலோ, உள்ளே வெற்றிடம் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, தராசு காட்டிக்கொடுக்கும். 12.45 மில்லிமீட்டர் முழுக்குண்டு சுமார் 11.46 கிராம் இருக்க வேண்டும். அளவு சரியாக இருந்து எடை மட்டும் குறைந்தால் உள்ளே பொள்ளல் என்று அர்த்தம். அதைத் திரும்ப உருக்குவதே மேல், ஏனென்றால் ஒருபக்கம் கனம் குறைந்த குண்டு நேராகப் போகாது.

அச்சு குளிர்ந்திருந்தால் குண்டின் தோல் சுருக்கம் சுருக்கமாக வரும், குழி முழுதாக நிரம்பாது. முதலில் வார்க்கும் சில குண்டுகளை இதனால்தான் யாரும் அளப்பதில்லை. அச்சு சூடேறி, குண்டு வழவழப்பாக வரத் தொடங்கிய பிறகே மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

இனி கோணல். இங்கே இரண்டு அளவு வேண்டும்: இரு பாதிகளும் சேரும் கோட்டின் வழியாக ஒன்று, அந்தக் கோட்டுக்குக் குறுக்காக ஒன்று. குறுக்களவு பெரிதாகவும், கோட்டில் மெல்லிய பிசிறும் இருந்தால் அச்சு முழுதாக மூடவில்லை. பெரும்பாலும் அச்சின் பாதிகள் ஒன்றையொன்று தொடும் முகத்தில் ஒரு துளி காரீயம் ஒட்டியிருக்கும், அல்லது பாதிகளை நேராகச் சேர்க்க வழிகாட்டும் ஊசியைச் சுற்றி உலோகம் மேடு தட்டியிருக்கும். ஒட்டிய காரீயத்தை, அச்சைச் சூடாக்கி மரக்குச்சியால் தேய்த்தால் வழித்துவிடலாம். அரத்தை மட்டும் எடுக்கக் கூடாது. முகத்தை அரம் தின்றால் குறுக்களவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். கோட்டில் படிபோல் ஒரு தட்டு தெரிந்தால் பாதிகள் விலகி நிற்கின்றன. பார்க்க வேண்டியது ஊசிகளை.

பிசிறில்லை, ஆனால் குறுக்களவு சிறிது என்றால் குழியே சரியாகக் குடையப்படவில்லை, அல்லது முன்பு யாரோ முகத்தைத் தேய்த்திருக்கிறார்கள். இதற்குத்தான் லேப்பிங், அதாவது குழியைத் தேய்த்துத் திருத்துவது. அந்த அச்சிலேயே வார்த்த குண்டில் ஊற்றுவாய் வழியாகத் துளையிட்டு ஒரு இரும்புக் கம்பியைச் செருகுவார்கள். குண்டின்மேல் எஞ்சின் வால்வு தேய்க்கும் மாவில் நைஸானதைத் தடவி, அச்சை மெதுவாக மூடி, கம்பியைத் திருகுவார்கள். குழியில் எங்கே இடம் நெருக்கமோ அங்கேதான் குண்டு உரசும். உரசும் இடம்தான் தேயும். தேய்ந்து தேய்ந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உரசத் தொடங்கும்போது குழியின் சுற்று வட்டமாகியிருக்கும். சிறுத்த குழி பெரிதாவதும், கோணிய குழி வட்டமாவதும் இந்த ஒரு வேலையில் சேர்ந்தே நடக்கின்றன.

ஆனால் சுழற்சி கம்பியைச் சுற்றி மட்டுமே. ஆகவே கிடைவட்டங்கள் எல்லாம் திருந்தும். ஊற்றுவாயிலிருந்து அடிவரை உள்ள உயரம் அவ்வளவாக மாறாது. மாவு குழியின் விளிம்பையும் மழுக்கும் என்பதால் இடையிடையே கழுவி, ஒரு குண்டு வார்த்து அளந்துவிட்டே மேலே தொடர வேண்டும். தேய்த்தெடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. வேலை முடிந்ததும் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருகிய காரீயத்துக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிக்கினாலும் அது ஆவியாகி உலோகத்தை முகத்தில் அள்ளி வீசும்.

என்னைக் கேட்டால், அந்த மாவை எடுக்கும் முன் துணியைப் பார்க்கச் சொல்வேன். இந்தத் துப்பாக்கிகளில் குண்டு தனியாகப் போவதில்லை. எண்ணெயோ கொழுப்போ தடவிய துணியில் பொதிந்துதான் குழலுக்குள் இறங்குகிறது. நம் உதாரணக் குண்டுக்கான குழலின் உள்விட்டம் 12.7 மில்லிமீட்டர், குண்டு 12.45, மிச்ச இடைவெளியை அடைப்பது துணிதான். குண்டு 0.1 மில்லிமீட்டர் சிறுத்தால் பக்கத்துக்கு 0.05 மில்லிமீட்டர் தடித்த துணி அதைச் சரிக்கட்டிவிடும். நூறில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கோணலையும் துணி அமுங்கி விழுங்கிவிடும். துணியால் ஈடுகட்ட முடியாதது உள்ளே இருக்கும் பொள்ளலை மட்டுமே; அதற்கு அச்சைத் தேய்த்துப் பயனில்லை, ஊற்றும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.