பழைய சிஸ்டத்துக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? முதலில் ஸ்டிக்கரைப் படியுங்கள்

சேலம் அம்மாப்பேட்டையில் அக்கா வீட்டுப் பின்சுவரை ஒட்டி விசைத்தறிக் கூடம். போன மாதம் அக்கா பையனின் சிபியு பெட்டியைத் திறந்தால், உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சு. பிராசஸர் விசிறிக்கு அடியில், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே, கம்பளி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்ததில் ஒரு கைப்பிடி தேறியது.

"ஒரு கார்டு மட்டும் போட்டுக் குடுங்க மாமா, கேம் ஓடிரும்" என்றான். சிஸ்டம் பழையது. நான்காம் தலைமுறை ஐ5-4570 பிராசஸர், 8 ஜிபி டிடிஆர்3 ராம் ஒரே ஸ்டிக்காக, பெயர் தெரியாத கம்பெனியின் 450 வாட் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டை சிஸ்டத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி). கார் பந்தய கேம் போட்டால் நொடிக்கு 15 படம்கூட வரவில்லை. என்ன கார்டு வாங்கலாம் என்று அவன் கேட்டதற்கு, கார்டு உள்ளே என்ன செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அது புரிந்தால் கடைக்காரர் சொல்லும் எண்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

1920க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால், ஒவ்வொரு நொடியும் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீர்மானித்தாக வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. கேமில் தெரியும் கார், மரம், மனிதர் எல்லாம் பொடிப்பொடி முக்கோணங்களால் ஆனவை. முக்கோணத்தின் மூன்று முனையும் திரையில் எங்கே விழும் என்று முதலில் கணக்கிட வேண்டும். பிறகு அதற்குள் அடங்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் எவ்வளவு, நிழல் எவ்வளவு, மேலே ஒட்டிய படத்தின் நிறம் என்ன என்று பார்க்க வேண்டும். தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் சின்னக் கணக்கு. பெரும்பாலும் பக்கத்துப் புள்ளியின் விடைக்காக எதுவும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஐ5-4570இல் இருப்பது நான்கு கோர், அதாவது கணக்குப் போடும் நான்கு பேர். எந்தச் சிக்கலான வேலை கொடுத்தாலும் யோசித்துச் செய்யும். ஆனால் கோடிக்கணக்கான ஒரேமாதிரிக் கணக்குக்கு நான்கு பேர் எப்படிக் காணும்? என்விடியா கம்பெனியின் ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் 896 சின்ன கோர்கள். தனித்தனியாகப் பெரிய கெட்டிக்காரத்தனம் கிடையாது, சேர்ந்து உழைப்பதில்தான் அதன் பலம்.

எப்படிச் சேர்ந்து உழைக்கின்றன என்பது நம்மூர்க்காரருக்குச் சுலபமாக விளங்கும். என்விடியாவின் சிப் 32 இழைகளை (ஒரு புள்ளிக்கான கணக்கு ஒரு இழை) ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு, கட்டு முழுவதற்கும் ஒரே கட்டளை கொடுக்கிறது. அந்தக் கட்டுக்குப் பெயர் வார்ப். தறியில் நாம் பாவு என்கிறோமே, அதன் ஆங்கிலச் சொல் அது. பெயரை நெசவிலிருந்து எடுத்ததாகவும், இழைகளை இணையாக ஓடவிட்ட முதல் தொழில்நுட்பம் நெசவுதான் என்றும் அவர்களுடைய புரோகிராமிங் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். பாவடியில் பாவு நீட்டுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதை முதன்முதலில் படித்தபோது சிலிர்த்துவிட்டது. மிதியை மிதித்ததும் விழுதில் கோத்த இழை அத்தனையும் ஒன்றாக எழும்புகிறது, இழைக்கு ஒரு ஆள் நிற்பதில்லை. வார்ப்பும் அப்படியே. 32 புள்ளிகளில் பாதிக்கு ஒரு கணக்கு, பாதிக்கு வேறு கணக்கு என்று வந்துவிட்டால் மட்டும் ஒரு பாதி ஓடும்போது மறுபாதி சும்மா நிற்கும்.

விசைத்தறியில் ஒருவரே நாலு தறி பார்ப்பது போன்ற ஏற்பாடும் உண்டு. மெமரியிலிருந்து ஒரு தகவல் வந்து சேர நூற்றுக்கணக்கான கிளாக் துடிப்புகள் ஆகும். அதுவரை அந்த வார்ப்பை அப்படியே நிறுத்திவிட்டு, தயாராக இருக்கும் இன்னொன்றை ஓட்டும். ஆனால் நூலே, அதாவது தகவலே, வரவில்லை என்றால் நாலு தறியும் நிற்கும். பையனின் சிஸ்டம் திணறிய காரணமும் பாதி இதுதான். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைப் பிராசஸரோடு பங்கு போட வேண்டும். 1600 வேக டிடிஆர்3 ஒற்றை ஸ்டிக் நொடிக்கு 12.8 ஜிபி கொடுக்கும். ஜிடிடிஆர்5 மெமரி உள்ள ஜிடிஎக்ஸ் 1650இல் அது 128 ஜிபி. சரியாகப் பத்து மடங்கு.

இதனால்தான் "எத்தனை ஜிபி கார்டு" என்று மட்டும் கேட்காதே என்று அவனிடம் சொன்னேன். ஜிபி என்பது குடோனின் அளவு. நூல் எவ்வளவு வேகமாகத் தறிக்கு வருகிறது என்பது வேறு எண். குடோன் நிரம்பினாலும் சிக்கல்தான். அப்போது முக்கோணங்கள் மேல் ஒட்டும் படங்களில் (டெக்ஸ்சர்) மீதி, மதர்போர்டு ஸ்லாட் வழியாக ராமிலிருந்து வர வேண்டும், 16 லேன் (தகவல் ஓடும் பாதை) உள்ள மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டிலும் அது நொடிக்கு 16 ஜிபிக்குள்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேம் வளைவில் திரும்பும்போது சட்டென்று வெட்டி வெட்டி நிற்கும். 4 ஜிபி கார்டு வாங்குகிறவர்கள் கேம் செட்டிங்கில் டெக்ஸ்சரை ஒரு படி இறக்கி வைக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நான்கு லேன் மட்டுமே பயன்படுத்தும் கார்டைப் பழைய போர்டில் போட்டால் அந்த வழியும் நொடிக்கு 4 ஜிபிக்குள் சுருங்கிவிடும். அதை இந்தச் சிஸ்டத்துக்கு நான் வாங்கவே மாட்டேன்.

இப்போது கரண்ட். பட்ஜெட் சிஸ்டங்களில் கார்டு தேர்வை முடிவு செய்வது எஸ்எம்பிஎஸ் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பையனை டார்ச் அடிக்கச் சொல்லி, பஞ்சைத் துடைத்து, பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படிக்க வைத்தேன். பெரிய எழுத்தில் 450 வாட். கீழே கட்டத்துக்குள் சின்ன எழுத்தில் பிளஸ் 12 வோல்ட், 16 ஆம்பியர்.

"பன்னெண்டையும் பதினாறையும் பெருக்கு."

"நூத்தித் தொண்ணூத்திரண்டு. மீதி எங்க மாமா போச்சு?"

மீதியெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று எழுதி வைத்த கணக்கு. இன்றைய பிராசஸரும் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் சாப்பிடுகின்றன. பிராசஸருக்கு 84 வாட், விசிறி, ஹார்ட் டிஸ்குக்கு ஒரு 15 வைத்துக்கொண்டால் கையில் மிஞ்சுவது 93. அவன் ஆசைப்பட்ட ஆர்எக்ஸ் 6600க்கு மட்டுமே 132 வாட் வேண்டும். நல்ல கார்டுதான், ஆனால் அதற்கு எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஸ்லாட் வழியாகவே 75 வாட் வரை கிடைக்கும். தனியாக 6 பின் ஒயர் செருகினால் இன்னொரு 75, 8 பின் என்றால் 150. இந்த ஒயர் இல்லாத மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் ஹார்ட் டிஸ்க் ஒயரிலிருந்து மாற்றிக்கொள்ளும் அடாப்டர் போட்டுத் தருவார்கள். பல வருடம் முன்பு என் சிஸ்டத்திலும் ஒரு கடையில் அப்படிப் போட்டுக் கொடுத்தார்கள். விளையாட ஆரம்பித்த இருபதாவது நிமிடம் பிளாஸ்டிக் கருகிய வாசனை, கழற்றிப் பார்த்தால் மஞ்சள் ஒயரின் தோல் உருகி பின்னோடு ஒட்டியிருந்தது. கார்டின் தேவை சில மில்லி நொடிகளில் ஏறி இறங்கும், மெல்லிய ஒயர் அதைத் தாங்காது. தயவுசெய்து அந்த அடாப்டரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஆகவே ஒயர் தேவைப்படாத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு. ஜிடிஎக்ஸ் 1650 செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். அதிலும் 6 பின் கேட்கும் மாடல்கள் உண்டு, பார்த்து வாங்க வேண்டும். பணம் இருந்தால் 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி மாடல் இன்னும் நல்லது. செகண்ட் ஹேண்ட் என்றால் கடையிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சூடு நம்மூரில் தனிப் பிரச்சினை. கார்டின் சூடு என்பது அறையின் சூடும், அதற்கு மேல் சிப் ஏற்றிக்கொள்ளும் சூடும் சேர்ந்தது. சேலத்து மே மாத மதியத்தில் அறையே 38 டிகிரி. இதே பெட்டியை 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் காற்று ஏறக்குறைய 8 டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். அங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவதால் விசிறி தள்ளும் காற்றின் பலமும் கொஞ்சம் குறையும், ஆனாலும் மொத்தத்தில் லாபம்தான். சூடு எல்லையைத் தொட்டால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு கைப்பிடிப் பஞ்சு போதும், கொடுத்த காசில் ஒரு பகுதி அங்கே வீணாகிவிடும்.

கார்டைச் செருகி, ஸ்க்ரூ முடுக்கி ஆன் செய்தான். கேம் பழையபடியே திணறியது, பையன் முகம் வாடிவிட்டது. பின்னால் போய்ப் பார்த்தேன். மானிட்டர் ஒயரை மதர்போர்டிலேயே செருகியிருந்தான். கார்டுக்கு மாற்றி, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) போட்டதும் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. 60ஐத் தாண்டி ஏறவில்லையே என்றான். வி-சிங்க் (படவேகத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்) அணைத்திருந்தது, ரெசல்யூஷனை 1280க்கு 720 ஆக இறக்கிப் பார்த்தோம். எண் நகரவே இல்லை. புள்ளிகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தும் வேகம் ஏறவில்லை என்றால் கார்டு ஓய்வாக இருக்கிறது, நான்கு கோர் பிராசஸர்தான் மூச்சுவாங்குகிறது. இதைவிடப் பெரிய கார்டு வாங்கியிருந்தாலும் அந்த கேமில் இதே 60தான்.

பெட்டியை மூடும்முன் அக்காவிடம் ஒரு பெயிண்ட் பிரஷ் வாங்கி வைத்தேன். தறி நிற்கும் நாளில், மாதம் ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு பஞ்சைத் தட்டிவிட வேண்டும். பையன் காலண்டரில் குறித்துக்கொண்டான்.