மறுபிறப்பு: பிறவாமையை வேண்டிய மொழியில் ஒரு கிறிஸ்தவச் சொல்

'மறுபிறப்பு' என்றதும் தமிழ்க் காதுக்கு முதலில் நினைவு வருவது கிறிஸ்தவம் அன்று. 'வேண்டுங்கால் வேண்டும் பிறவாமை' என்கிறது குறள். இந்த மொழியின் சமய மரபில் பிறவி என்பது நீந்திக் கடக்க வேண்டிய கடல். வீடுபேறு என்பது இனிப் பிறவாதிருத்தல். கிறிஸ்தவ வேதமோ மறுபடியும் பிறக்காதவன் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான் என்கிறது. அங்கே தளையாக இருப்பது இங்கே வாசலாகிறது. இதைச் சொல்லாமல் இந்தச் சொல்லை விளக்கத் தொடங்கினால், கேட்பவர் வேறொன்றைப் புரிந்துகொண்டு போய்விடுவார்.

யோவான் 3ஆம் அதிகாரத்தில் இயேசு நிக்கொதேமு என்ற யூதத் தலைவரிடம் பேசும் இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் சொல் 'அனோத்தென்'. இதற்கு 'மறுபடியும்' என்றும் பொருள் உண்டு, 'மேலிருந்து' என்றும் பொருள் உண்டு. நிக்கொதேமு முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு, முதிர்வயதான மனிதன் தாயின் வயிற்றில் மறுபடியும் நுழைய முடியுமா என்று கேட்கிறார். ஆனால் அதே அதிகாரத்தின் 31ஆம் வசனத்தில் அதே சொல்லைத் தமிழ் வேதம் 'உன்னதத்திலிருந்து' என்று பெயர்க்கிறது. ரோம ஆளுநர் பிலாத்துவிடம் இயேசு பேசும்போது அதுவே 'பரத்திலிருந்து' ஆகிறது. தேவாலயத்தின் திரைச்சீலை கிழிந்ததைச் சொல்லும் மத்தேயுவில் 'மேல்தொடங்கி' என்று வருவதும் இதே சொல்தான். இரண்டு பொருளையும் ஒருசேரத் தாங்கும் தமிழ்ச் சொல் கிடைக்காததால் மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றைத் தேர்ந்தார்கள். 'மறுபடியும்' நிலைத்தது, 'மேலிருந்து' பெரும்பாலும் அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. இது சிறிய இழப்பு அன்று. எத்தனையாவது பிறப்பு என்பதைவிட, எங்கிருந்து வந்த பிறப்பு என்பதே அந்த உரையாடலின் உயிர்.

'மறுஜென்மம்' என்ற வடிவம் வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து வருகிறது: 'பாலிங்கெனெசியா'. புதிய ஏற்பாட்டில் இது இரண்டே இடங்களில்தான் இருக்கிறது. தீத்து 3:5இல் 'மறுஜென்ம முழுக்கு' என்று தனிமனிதரைப் பற்றியும், மத்தேயு 19:28இல் 'மறுஜென்மகாலம்' என்று உலகம் முழுவதும் புதிதாவதைப் பற்றியும் வருகிறது. எரிந்து அழியும் உலகம் மீண்டும் உருவாவதைக் குறிக்க பண்டைய கிரேக்கத்தின் ஸ்தோயிக்கத் தத்துவவாதிகளும் இச்சொல்லைக் கையாண்டார்கள். உயிர் உடல்விட்டு உடல் பாய்வது இந்த இரு வசனங்களிலும் இல்லை.

பேதுருவின் முதல் நிருபத்தில் உள்ள சொல் இன்னும் கூர்மையானது: 'மறுபடியும் ஜெநிப்பித்தார்'. பிறத்தல் தன்வினை, பிறப்பித்தல் பிறவினை. பிறக்கிறவர் தம் பிறப்பைத் தாமே செய்துகொள்வதில்லை என்பதை இலக்கணமே சொல்லிவிடுகிறது.

இனி இரட்சிப்பு. வடமொழியின் 'ரக்ஷ்', அதாவது காத்தல் என்ற வேரிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் 'சோத்தேரியா', அதன் வினைச்சொல் காப்பாற்றுவதையும் நோயிலிருந்து குணமாக்குவதையும் குறிக்கும். இன்று பலரும் இதற்கு 'மீட்பு' என்று எழுதுகிறார்கள். அழகான சொல்தான், பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டுவரும் கரந்தைத் திணை வரை அதற்கு வேர் இருக்கிறது. ஆனால் விலைகொடுத்து விடுவிப்பதைக் குறிக்கும் 'அப்போலுத்ரோசிஸ்' என்ற சொல்லுக்குப் பழைய தமிழ் வேதம் மீட்பு என்பதை ஏற்கெனவே கொடுத்துவிட்டது. ரோமர் 3:24இல் அதைப் பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ஒரு வேறுபாடு மறைந்துபோகும்.

விவாதம் மறுபிறப்பு, இரட்சிப்பு என்ற இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் நடக்கிறது: மறுபிறப்பு முந்தியதா, விசுவாசம் முந்தியதா? சீர்திருத்தவாதி ஜான் கால்வினைப் பின்பற்றும் கால்வினிய மரபினர், பாவத்தில் மரித்தவன் விசுவாசிக்க வேண்டுமானால் முதலில் உயிர்பெற வேண்டும், ஆகவே மறுபிறப்பே முந்தியது என்கிறார்கள். அவர்கள் எடுத்துக்காட்டும் வசனம் 1 யோவான் 5:1: 'விசுவாசிக்கிற எவனும் தேவனால் பிறந்திருக்கிறான்.' விசுவாசிப்பது நிகழ்காலத்தில் இருக்கிறது. பிறந்ததோ முடிந்து, நிலைத்து நிற்கிறது. கிரேக்கத்தின் இந்தக் கால வேறுபாட்டைத் தமிழ் அப்படியே காட்டிவிடுகிறது. டச்சு இறையியலாளர் ஆர்மினியுஸைப் பின்பற்றும் ஆர்மினிய மரபினர் யோவான் 1:12ஐ முன்வைக்கிறார்கள்: ஏற்றுக்கொண்டவர்களுக்கே பிள்ளைகளாகும் அதிகாரம் கொடுக்கப்பட்டது, ஆகவே விசுவாசமே முந்தியது. மனிதன் தானாக விசுவாசிக்க முடியும் என்று அவர்கள் சொல்லவில்லை. முந்திச் செல்லும் கிருபை அவனை அதற்குத் தகுதியாக்குகிறது என்கிறார்கள். 1618–19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சபைச் சங்கம் ஆர்மினியர்களின் போதனையை நிராகரித்தது. வழக்கு அதோடு தீரவில்லை.

கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் லூத்தரன்களும் தீத்துவின் 'முழுக்கு' என்ற சொல்லைப் பிடித்து, மறுபிறப்பு திருமுழுக்கில் கிடைக்கிறது என்கிறார்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் இதுவே நீதிமன்றம் வரை போனது. இதில் மாறுபட்ட கருத்துள்ளவர் என்று ஜார்ஜ் கோரம் என்ற குருவுக்கு எக்ஸீட்டர் பிஷப் பணியிடம் தர மறுத்தார். 1850இல் மேல்முறையீட்டை விசாரித்த பிரிவி கவுன்சில் கோரமுக்குச் சாதகமாகத் தீர்த்தது.

என் பார்வையில் குழப்பத்தின் வேர், மறுபிறப்பு, இரட்சிப்பு இரண்டையும் ஒருபொருட்சொல்லாக வழங்குவதில் இருக்கிறது. 'மறுபடியும் பிறந்தீர்களா?', 'இரட்சிக்கப்பட்டீர்களா?' என்று ஒரே கேள்வியைப் போல மாற்றி மாற்றிக் கேட்கிறோம். பவுலோ இரட்சிப்பை மூன்று காலத்திலும் சொல்கிறார். எபேசியர் 2:8இல் 'இரட்சிக்கப்பட்டீர்கள்'. 1 கொரிந்தியர் 1:18இல் 'இரட்சிக்கப்படுகிற நமக்கோ'. ரோமர் 13:11இலோ அது இன்னும் நெருங்கி வந்துகொண்டிருக்கிறது. பிறப்புக்கு அப்படி மூன்று காலம் இல்லை. இரட்சிப்பு முழு வழியையும் தழுவுகிறது. மறுபிறப்பு அதன் ஒரு கணம். இதை மறந்தால், தடுமாறும் ஒருவரிடம் 'நீ பிறக்கவே இல்லை' என்று நாக்கூசாமல் சொல்லிவிடுவோம். நடக்கத் தெரியாத குழந்தையைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை.

தமிழில் எழுதும்போது 'மறுஜென்மம்' என்பதைத் தீத்துவின் மேற்கோளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பொதுப் பயன்பாட்டுக்குப் 'புதுப்பிறப்பு' என்பேன். பிறவிச் சுழலின் நிழல் அதன்மேல் விழவில்லை. நிக்கொதேமுவின் உரையாடலை விளக்கும்போது மட்டும் 'மேலிருந்து பிறத்தல்' என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும், அடிக்குறிப்பில் அன்று.